மெர்கூர் 34சி: கைப்பிடி குட்டை, கனம் கச்சிதம்

ஜெர்மனியின் ஸோலிங்கனில் தயாராகும் இந்த சேஃப்டி ரேஸருக்கு இரண்டே பாகங்கள். அடித்தட்டும் கைப்பிடியும் ஒன்றாகவே இருக்கும். கைப்பிடியின் அடியிலுள்ள குமிழைத் திருகினால் மேல்மூடி கழன்று வரும். எடை சுமார் 77 கிராம். அந்தக் கனமே முடியை வெட்டப் போதும், கை அழுத்தவே கூடாது. கார்ட்ரிட்ஜ் ரேஸர் (தலைப்பகுதியை மொத்தமாக மாற்றும் வகை) பழக்கத்தில் அழுத்துபவர்களுக்குக் கழுத்தில் எரிச்சலும் சிவப்புப் புள்ளிகளும் வரலாம்.

ஒரு குறை உண்டு. பிளேடு சில சமயம் சற்றே கோணலாக உட்காரும். ஒரு ஓரம் கூடுதலாக நீட்டிக்கொண்டு கீறும், மறு ஓரம் சரியாக மழிக்காது. குமிழை முக்கால்வாசி இறுக்கியதும் மூடியை லேசாக அசைத்து நேராக்குங்கள். ரேஸரைக் கண்ணுக்கு நேரே பிடித்து, இரு பக்கமும் ஒரே அளவு பிளேடு தெரிகிறதா என்று பார்த்த பிறகு முழுதாக இறுக்கலாம்.

மூடியைக் கன்னத்தில் வைத்து, பிளேடு முடியைத் தொடும் வரை கைப்பிடியை மெல்லத் தாழ்த்தினால் கோணம் 30 டிகிரியை ஒட்டி அமைந்துவிடும். முதலில் முடி வளரும் திசையில், பிறகு மறுபடி நுரை பூசிக் குறுக்காக. பெரிய கைகளுக்குக் கைப்பிடி சிறிதுதான். ஆனால் மோவாய்க்கும் மூக்கடிக்கும் இந்தக் குட்டைப் பிடி அருமையாகத் திரும்புகிறது.