லூவாவுக்குப் போகலாமா? நெருப்பு, ஹுலா, பன்றி, பொய்

ஹவாய்க்கு டிக்கெட் போட்டாயிற்று என்று யாராவது சொன்னால், இரண்டாவது போன் இந்தக் கேள்விக்காகத்தான் வரும்: "எந்த லூவாவுக்குப் போறது?" லூவாவ் என்றால் ஆட்டபாட்டத்தோடு நடக்கும் ஹவாய் விருந்து. கலிபோர்னியாவில் குடியிருக்கும் எங்கள் வட்டத்தில் இரண்டு தடவை போய்வந்தவன் என்பதால் என்னைக் கேட்பார்கள். விளம்பரங்களைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. எல்லாவற்றிலும் ஒரே படம்தான்: மறையும் சூரியன், கழுத்தில் பூமாலை, இரு முனையும் எரியும் கத்தியைச் சுழற்றும் இளைஞன். கீழே 'பாரம்பரிய ஹவாய் விருந்து' என்று போட்டிருக்கும். ஆளுக்குச் சுமார் 150 முதல் 250 டாலர். நாலு பேர் குடும்பம் என்றால் ஒரு சாயங்காலத்துக்கு எண்ணூறு டாலர் சர்வசாதாரணமாகப் போய்விடும்.

அந்தப் படத்திலேயே ஒரு குட்டு இருக்கிறது. தீக்கத்தி ஆட்டம் ஹவாய்க்காரர்களுடையது இல்லை, பசிபிக் கடலின் இன்னொரு தீவுக்கூட்டமான சமோவாக்காரர்களுடையது. அங்கேயும் ஆதியில் கத்தி மட்டும்தான், நெருப்பு கிடையாது. 1946-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிரெடி லெட்டூலி என்ற சமோவா கலைஞர்தான் கத்தி முனையில் துணியைச் சுற்றித் தீ வைத்து ஆடினார். பக்கத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஓர் இந்திய நெருப்பு விழுங்கியைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது, எண்ணெய் கொடுத்ததும் அவர்தான் என்று கதை சொல்கிறார்கள். ஆக, 'பாரம்பரியம்' என்று நாம் போட்டோ எடுக்கும் அந்தக் காட்சிக்கு எண்பது வயதுதான் ஆகிறது. நம்மாள் ஒருவருக்கும் அதில் பங்கு இருக்கலாம்!

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது: உங்களுக்கு நெருப்பு வேண்டுமா, ஹவாயின் சொந்த ஆட்டமான ஹுலா வேண்டுமா, இல்லை சாப்பாடு வேண்டுமா? மூன்றும் ஒரே இடத்தில் நன்றாகக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஹுலா வேண்டுமென்றால்: மாவி தீவு, ஓல்டு லஹைனா லூவாவ்

1986 முதல் நடக்கிறது. இங்கே தீக்கத்தி கிடையாது. எங்களுடையது அல்லாததை எங்கள் மேடையில் ஏன் ஆட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மேடையில் ஹவாயின் கதையையே வரிசையாக ஆடிக்காட்டுகிறார்கள். தாஹிதி பக்கத்திலிருந்து படகில் வந்து சேர்ந்தவர்கள், அரசர்கள் காலம், பாதிரியார்கள் வந்து இறங்கியது, பிறகு கித்தாரும் அதன் குட்டியான உகுலேலேயும் சேர்ந்த இந்தக் காலத்து ஹுலா என்று போகிறது.

இதில் 'காஹிகோ' என்னும் பழைய ஹுலா வரும் இடத்தைத் தவறவிடக் கூடாது. புன்னகை கிடையாது, கித்தார் கிடையாது. சுரைக்குடுக்கையைத் தரையில் தட்டி, கையால் அறைந்து ஒருவர் தாளம் போட்டுக்கொண்டே ஓதுகிறார். ஆடுகிறவர்களின் கை அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் காட்டுகிறது. பரதநாட்டிய அரங்கேற்றம் நாலு பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும்: இது அபிநயம். மழை, அலை, மலை, அரசன் எல்லாவற்றுக்கும் கை இருக்கிறது. பாஷை தெரியாமலே என் மகள் பாதியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

ஹுலாவும் நம் சதிர் மாதிரி அடி வாங்கி எழுந்ததுதான். கிறிஸ்தவத்துக்கு மாறிய அரசி காஅஹுமானு 1830-ல் பொது இடத்தில் ஆடக் கூடாது என்று உத்தரவு போட்டார். அரைநூற்றாண்டு கழித்து, 1883-ல் தன் முடிசூட்டு விழாவில் மன்னர் கலாகாவா அதை மறுபடி மேடை ஏற்றினார். இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போய் உட்கார்ந்தால் எண்ணூறு டாலர் அவ்வளவாக உறுத்தாது.

2023 ஆகஸ்ட் தீயில் லஹைனா ஊர் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இந்த லூவாவ் நடக்கும் இடம் தப்பிப் பிழைத்து, 2024 மார்ச்சில் மறுபடி திறந்தது. அந்த ஊருக்குள் போகும்போது காலி மனைகளுக்கு முன்னால் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அங்கே வீடு இருந்தவர்கள்தான் உங்களுக்குப் பரிமாறிக்கொண்டிருக்கலாம்.

மேடைக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தாழ்ந்த மேசை போட்டிருப்பார்கள். சம்மணம் போட்டு உட்காரத் தெரிந்த நமக்கு அதுதான் ராஜ இடம். முழங்கால் வலிக்காரர்கள் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், விமான டிக்கெட் போட்ட கையோடு இதையும் போட்டுவிடுவது நல்லது.

நெருப்பும் குழந்தைகளும் என்றால்: ஒவாஹு தீவு, லாயே

இரண்டாம் தடவை அப்பா அம்மாவோடு போனபோது நேராக லாயே ஊரின் பாலினேசியக் கலாச்சார மையத்துக்குத்தான் போனோம். 1963-ல் அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவான மார்மன் திருச்சபை தொடங்கியது. ஆடுகிறவர்கள், படகு தள்ளுகிறவர்கள் எல்லாம் பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் அவர்களுடைய பல்கலைக்கழக மாணவர்கள். இங்கே வேலை செய்து படிப்புச் செலவைக் கட்டுகிறார்கள். மார்மன் இடம் என்பதால் மதுபானம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சுற்றுலாக்காரர்கள் தங்கும் வைக்கீக்கி கடற்கரையிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

இது வெறும் விருந்து இல்லை, மதியமே தொடங்கிவிடும் ஒரு நாள் வேலை. ஹவாய், சமோவா, தோங்கா, ஃபிஜி, தாஹிதி, மாவோரிகளின் நியூசிலாந்து என்று ஆறு கிராமங்கள் போட்டிருக்கிறார்கள். சமோவா கிராமத்தில் கூட்டம் அதிகம். ஒரு பையன் வெறுங்காலோடு தென்னை மரம் ஏறி உச்சியிலிருந்து கையசைத்தான். அமெரிக்கர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்பா பக்கத்தில் திரும்பி, "இதுக்கா டிக்கெட்டு?" என்றார். அப்புறம் அந்தப் பையன் கீழே வந்து, தேங்காயின் நடுவரையில் ஒரு கல்லால் சுற்றிச் சுற்றித் தட்டி, ஒரே அடியில் இரண்டு மூடியாகப் பிளந்தான். அப்பா அதற்கு மட்டும் கைதட்டினார். அரிவாள் இல்லாமல் அவ்வளவு நேராக உடைக்க எங்கள் ஊரில் ஆள் குறைவு.

இரவுக் காட்சியில் தீக்கத்தி வருகிறது, அதுவும் அசல் சமோவா கையால். உலகத் தீக்கத்திப் போட்டியையே வருடா வருடம் இங்கேதான் நடத்துகிறார்கள். இங்கே அதைச் சமோவாவின் ஆட்டம் என்று சொல்லித்தான் ஆடுகிறார்கள். ஆகவே இதில் ஏமாற்று இல்லை. ஹவாய் மட்டும் வேண்டும் என்று வருகிறவருக்குத்தான் ஏமாற்றம், ஆறில் ஒரு பங்குதான் ஹவாய். சாப்பாடும் பெருங்கூட்டத்துக்குச் சமைத்தது, கல்யாண மண்டபத்தின் மூன்றாம் பந்தி மாதிரி இருக்கும். ஆனால் பத்து வயதுக்குள் குழந்தைகள், எழுபது தாண்டிய பெற்றோர், குடிக்காத குடும்பம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரித்திரம் என்றால்: கோனா

'பெரிய தீவு' எனப்படும் ஹவாய் தீவில் கைலுவா கோனாவில் கிங் கமேஹமேஹா ஓட்டலின் கடற்கரைப் புல்வெளியில் ஒரு லூவாவ் நடக்கிறது. ஆட்டமும் சாப்பாடும் சுமார்தான். ஆனால் இடம் வேறு. தீவுகளை ஒன்று சேர்த்த முதலாம் கமேஹமேஹா தன் கடைசிக் காலத்தைக் கழித்தது இங்கேதான். பக்கத்திலேயே அஹுஎனா கோயில், ஓலைக் கூரையோடு நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் 1819-ல் இறந்ததும் இதே கரையில் ஒரு விருந்து நடந்தது. அதுவரை ஆணும் பெண்ணும் ஒரே பந்தியில் உட்காரக் கூடாது. பெண்கள் பன்றிக்கறி, வாழைப்பழம், தேங்காய் எதையும் தொடக் கூடாது. மீறினால் மரண தண்டனை. புது மன்னர் லிஹோலிஹோ, தாய் கேஓபுஓலானியும் காஅஹுமானுவும் கொடுத்த தைரியத்தில், எழுந்து போய்ப் பெண்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த ஒரு சாப்பாட்டோடு பழைய விலக்குச் சட்டம் முழுவதும் சரிந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் இன்றைய லூவாவுக்கு அதுதான் முதல் பந்தி. 'லூவாவ்' என்ற பெயர் அப்போது இல்லை. அது இளம் சேம்பு இலையின் பெயர். விருந்துக்கு ஆகிவந்தது பிறகுதான்.

கவாய் தீவில் வைலுவா ஆற்றங்கரையில் ஸ்மித் குடும்பத்தார் நடத்துவதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். தோட்டம்தான் அங்கே விசேஷம். மேடையில் சீன, ஜப்பானிய, பிலிப்பைன்ஸ் ஆட்டங்களும் உண்டு. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள்தானே இன்றைய ஹவாயில் பாதி!

பொதுவான ஓட்டல் லூவாவ்

தங்கியிருக்கும் ஓட்டலிலேயே நடக்கிறது, கார் ஓட்ட வேண்டாம் என்பதுதான் இதன் ஒரே பலம். அதற்கு மயங்கி நாங்கள் அப்படி ஒரு லூவாவுக்குப் போனோம். மேசை மேசையாகப் பெயர் சொல்லி பஃபேக்கு அழைத்தார்கள். கூடுதல் காசு கொடுத்த முன்வரிசைக்காரர்கள் முதலில். எங்கள் மேசை கடைசிக்கு முந்தியது. போய்ச் சேர்ந்தபோது டெரியாகிக் கோழியும் மக்ரோனி சாலடும் மிச்சம். ஹவாய் என்று சொல்ல ஊதா நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நாலு துண்டு கிடந்தது. தீக்கத்தி மட்டும் குறைவில்லாமல் சுழன்றது.

புக் செய்வதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: பன்றியை மண்ணுக்குள் வைத்துச் சமைப்பதை, அதாவது 'இமு'வை, அங்கேயே திறந்து காட்டுவார்களா? குழி தோண்டி, எரிமலைக் கற்களை விறகுத் தீயில் பழுக்கக் காய்ச்சி, வாழைத்தண்டும் இலையும் பரப்பி, பன்றியை இறக்கி, ஈரச் சாக்கு போட்டு மண்ணால் மூடிவிடுவார்கள். காலையில் மூடியதைச் சாயங்காலம் திறக்கும்போது எழும் ஆவியில் வாழையும் புகையும் கலந்த ஒரு வாசனை. அந்த விறகு 'கியாவே'. நம் வயலையெல்லாம் பாழாக்கிய சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய பங்காளி அது. முள்ளைப் பார்த்ததும் அப்பா அடையாளம் கண்டுகொண்டார்.

சாப்பாடு மட்டும் போதும் என்றால்

லூவாவே வேண்டாம். ஹொனலுலுவில் 1946 முதல் இருக்கும் ஹெலினாஸ் என்ற சின்னக் கடைக்குப் போங்கள். உணவுத் துறையின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்டு 2000-ல் இதற்குக் கிடைத்தது. மேசைகள் நெருக்கமாக இருக்கும், பூமாலை யாரும் போட மாட்டார்கள். சேம்பு இலையில் பொதிந்து அவித்த லாவ்லாவ், இழை இழையாய்ப் பிரியும் காலுவா பன்றி, தக்காளி வெங்காயத்தோடு பிசைந்த லோமி சால்மன் எல்லாம் லூவாவ் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'பிபிகாவுலா' என்று எழுதியிருப்பதை ஆர்டர் செய்ய வேண்டாம், அது மாட்டு வற்றல்.

சைவர்களுக்கு எங்கே போனாலும் கதி ஏறக்குறைய ஒன்றுதான்: சோறு, வள்ளிக்கிழங்கு, தேங்காய்ப்பாலில் செய்த ஹௌபியா வில்லை, அப்புறம் பொய். ஆமாம், பெயரே பொய்தான். சேப்பங்கிழங்கை அவித்து, கல் குழவியால் இடித்து, தண்ணீர் விட்டுக் குழைத்த ஊதா நிறக் கூழ். கெட்டியாக இருந்தால் ஒரு விரலால் எடுக்கலாம், தளர இருந்தால் மூன்று விரல் வேண்டும். 'ஒரு விரல் பொய், மூன்று விரல் பொய்' என்றே பக்குவத்துக்குப் பெயர். சேம்பு அவர்களுக்கு மூத்த அண்ணன். ஆகாயத் தந்தைக்கு முதலில் பிறந்து இறந்த பிள்ளையைப் புதைத்த இடத்தில் முளைத்தது சேம்பு, அடுத்த பிள்ளையின் வம்சம்தான் மனிதர்கள் என்பது ஐதிகம். அதனால் பொய்க் கிண்ணம் திறந்திருக்கும்போது வீட்டில் யாரும் சண்டை போடக் கூடாது.

லாயேயில் அம்மா அதை ஒரு விரல் தொட்டுப் பார்த்து, "வால்போஸ்டர் பசை" என்று தள்ளி வைத்துவிட்டார். சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான். அங்கே கிடைப்பது அன்றைக்கு அரைத்தது, உப்புச் சப்பில்லாமல்தான் இருக்கும். மறுநாள் பலசரக்குக் கடையில் ஒரு பை பொய் வாங்கி, தங்கியிருந்த வீட்டில் வெளியிலேயே வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தபோது நன்றாகப் புளித்து, பழைய சோற்றின் வாசனை வந்தது. அம்மா உப்புப் போட்டுக் கலக்கி, சின்ன வெங்காயம் கிடைக்காமல் பெரிய வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "உங்களுக்கும் ஊத்தட்டுமா?" என்றார்.