போர்னியோ தரைக்குயிலா, சுமத்ரா தரைக்குயிலா, எதைப் பாக்கப் போகலாம்?

ரெண்டையும் பாக்கணும்னுதான் ஆசை. ஆனா இருந்த லீவும் காசும் ஒரு ட்ரிப்புக்குத்தான் வந்துச்சு, நான் போர்னியோவுக்குப் போனேன், அதனால இந்தப் பக்கம் சாய்ஞ்சுதான் எழுதுவேன்.

உருவத்த வெச்சு யோசிக்கவே வேணாம். ரெண்டும் செம்போத்தவிட பெருசு, காட்டுத் தரையில நடந்தே திரியுற குயிலுங்க. போர்னியோது சுமார் 60 செமீ, தலை கறுப்பு. சுமத்ராது கொஞ்சம் சின்னது, வயித்துப்பக்கம் பழுப்பு. 1996ல பிரிக்குற வரைக்கும் ஒரே இனமாத்தான் வெச்சிருந்தாங்க.

என்னைய முடிவெடுக்க வெச்சது குரல்தான். அடர்ந்த காட்டுல இந்தப் பறவைய கண்ணால தேடி கண்டுபிடிக்கவே முடியாது, காதாலதான் தேடணும். சுமத்ரா தரைக்குயில் 1916க்கு அப்புறம் யார் கண்ணுலயும் படல, 1997ல புக்கிட் பாரிசான் செலாத்தான் தேசியப் பூங்காவுலதான் மறுபடி கிடைச்சது. அதோட குரல ரெக்கார்ட் பண்ணதே 2007லதான், அதுவும் கண்ணி வைக்கிற ஒருத்தர்கிட்ட இருந்து மீட்ட பறவையோட குரல். போர்னியோதுக்கு அப்படி இல்ல, மலேசியாவோட சபா மாநிலத்துல கினபத்தாங்கான் ஆத்தங்கரை ஜனங்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். சண்டக்கான்ல இறங்கி சுக்காவ் போய் தங்கினேன். விடியக்காலையில சின்னக் கிளை ஆத்துல போட் இன்ஜின ஆஃப் பண்ணிட்டு உக்காந்தோம், முதல் நாள் ஒண்ணுமில்ல, ரெண்டாம் நாள் கரைக்கு உள்ள இருந்து அடித்தொண்டையில ஒரு கூ... கைடு பதில் குரல் குடுத்தாரு, அரை மணி நேரம் கழிச்சு வேருங்களுக்கு நடுவுல அது நடந்து வந்துச்சு. எனக்கு கை நடுங்கிருச்சு, போட்டோ எல்லாம் மங்கல்தான்.

சுமத்ரா பக்கம் நான் போனதே இல்ல, அங்க நடக்குறது எவ்ளோ கஷ்டம்னு என்னால சொல்ல முடியாது. அழிவுக்கு ரொம்ப பக்கத்துல நிக்கிறது அதுதான், வளர்ந்த பறவைங்க 250க்கும் கீழன்னு மதிப்பீடு, போதாததுக்கு கண்ணி வேற. போர்னியோதும் பத்திரமா ஒண்ணும் இல்ல, ஆத்தோரக் காடு பல இடத்துல வெறும் பட்டை மாதிரி, அதுக்குப் பின்னாடி பூரா பாமாயில் எடுக்குற செம்பனை. தாடிப் பன்னிங்க மண்ணக் கிளர்ற இடத்துல பின்னாடியே போய் இரை பொறுக்குற பறவை இது, 2021ல சபாவுல ஆப்பிரிக்கப் பன்னிக் காய்ச்சல் வந்து அந்தப் பன்னிங்க ஏகப்பட்டது செத்துப்போச்சு. அதனால பன்னிக் கூட்டத்த நம்பிப் போகாதீங்க, விடியறதுக்கு முன்னாடியே போட்ல ஏறிருங்க.