ஈசிஆர் கத்திரி வெயிலுக்கு எலக்ட்ரால் போதுமா? ஓட்டிப் பாத்த ரிவ்யூ

மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற எலக்ட்ரால் (தண்ணில கலக்கிக் குடிக்கற உப்பு-சக்கரைப் பவுடர், ஓஆர்எஸ்னு சொல்றது) போதுமா, இல்ல சைக்கிள் கடைல விக்கற, தண்ணில போட்டா நுரைச்சு கரையற உப்பு மாத்திரைதான் வேணுமான்னு எங்க சைக்கிள் ரைடு குரூப்ல கத்திரி வந்தாலே சண்டை ஆரம்பிச்சிடும். ரெண்டையும் மாத்தி மாத்தி போட்டு ஓட்டிட்டேன், என் ஓட்டு எலக்ட்ராலுக்குத்தான், ஆனா சில கண்டிஷனோட.

மே மாசம் விடியக்காலைல அஞ்சு மணிக்கு திருவான்மியூர்ல கிளம்பினாக்கூட முட்டுக்காடு தாண்டறதுக்குள்ள ஜெர்சிய புழிஞ்சா சொட்டும். வெயிலே வந்திருக்காது, கடலோர ஈரக்காத்துல வேர்வை காய மாட்டேங்குது, சும்மா வழியுது, உடம்பும் குளிராது. மகாபலிபுரம் போய் திரும்பறப்போ ஹெல்மெட் வார்ல வெள்ளையா உப்பு பூத்திருக்கும் பாருங்க. அவ்ளோ உப்பு போனப்புறம் வெறும் தண்ணியா ஊத்திக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் இன்னும் எறங்கி தலைவலி, வாந்தின்னு போய் நிக்கும்.

எலக்ட்ரால் 21.8 கிராம் பாக்கெட்ட ஒரு லிட்டர் தண்ணில கலக்கினா டபிள்யூஎச்ஓ 2002ல மாத்தின ஃபார்முலாதான்: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. சோடியம் மட்டும் 1,700 மில்லிகிராமுக்கு மேல வருது, நான் வாங்கின மாத்திரைல ஒண்ணுக்கு 300 கிட்டத்தான் போட்டிருந்துச்சு. குளுக்கோஸ் ருசிக்காக போட்டதுன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, இல்ல, குடல்ல சோடியத்த உள்ள இழுக்கறதுக்கே அதான் வேணும், கூடவே தண்ணியும் போயிடும். 1971ல அகதி முகாம்ல காலரா வந்தவங்கள டாக்டர் திலீப் மஹலனாபிஸ் காப்பாத்தினது இந்த வித்தைலதான்.

இப்ப குறை. டேஸ்ட் சுமார்தான், ஆரஞ்சு பரவால்ல, சூடானா குடிக்கவே முடியாது. சக்கரை 13.5 கிராம்னா 54 கலோரிதான், பெடல் மிதிக்க அது எங்க பத்தும், கடலை மிட்டாயோ வாழைப்பழமோ பாக்கெட்ல இருக்கணும். ஒரு மணி நேர ரைடுக்கு இது தேவையே இல்ல, தண்ணி போதும். பிபி, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க டாக்டர கேக்காம தொடாதீங்க.

இன்னொரு தலைவலி, பாக்கெட் ஒரு லிட்டருக்கு, நம்ம பாட்டில் 750 மில்லி. பாதி பாக்கெட்ட கண்ணளவுல கொட்டற வேலை வேணாம், அளவு தப்பும். ராத்திரியே முழுசா ஒரு லிட்டர் கலக்கி ஃபிரிட்ஜ்ல வச்சு, காலைல 750 பாட்டிலுக்கு, மிச்சம் 250 கிளம்பறதுக்கு முன்னாடி வயித்துக்கு. கலக்கினத 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க.

அப்புறம் டெட்ரா பேக்ல ஓஆர்எஸ்னு பேர் போட்டு வித்த இனிப்புத் தண்ணிய இதோட குழப்பிக்காதீங்க, டபிள்யூஎச்ஓ ஃபார்முலா இல்லாதது எதுவும் அந்தப் பேர போடக்கூடாதுன்னு நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபர்லயே சொல்லிடுச்சு, பழைய ஸ்டாக் எங்கயாவது தலைய நீட்டலாம், பின்னாடி திருப்பிப் படிச்சுட்டு வாங்குங்க.

ரெண்டாவது பாட்டில் மட்டும் எப்பவும் வெறும் தண்ணிதான், தலைல ஊத்திக்க. எலக்ட்ரால ஊத்திக்கிட்டா வீடு போற வரைக்கும் பிசுபிசுன்னு இருக்கும், கண்ணும் எரியும்.