இரண்டாவது புத்தகம் யாருக்குக் கிடைக்கிறது?

ஒரு திருநர் எழுத்தாளரின் முதல் புத்தகம் வெளிவருவது இன்று முன்புபோல அபூர்வம் இல்லை. விழா நடக்கிறது, பேட்டி வருகிறது, "துணிச்சலான குரல்" என்று பின்னட்டையில் அச்சாகிறது. மூன்று ஆண்டு கழித்து அதே எழுத்தாளர் ஒரு துப்பறியும் நாவலையோ ஆழ்கடல் மீன்களைப் பற்றிய நூலையோ எழுதிக்கொண்டு போனால் அந்தப் பதிப்பகம் கதவைத் திறக்கிறதா? பால்புதுமையினருக்கும் (குயர்) பிற விளிம்புநிலை எழுத்தாளர்களுக்கும் பதிப்புலகை நியாயமானதாக்க நான்கைந்து வழிகள் பேசப்படுகின்றன. அவை எல்லாவற்றையும் இந்த ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில், ஓட்டை எங்கே இருக்கிறது? காழ்ப்புள்ள ஒருவர் கைப்பிரதியைக் குப்பைக்கூடையில் வீசுவதாகக் கற்பனை செய்துகொள்வது எளிது. நடப்பது அதைவிடச் சலிப்பூட்டும் சங்கதி. பெரிய பதிப்பகங்களில் ஒரு நூலை வாங்கும் முன் பதிப்பாசிரியர் ஒரு கணக்குத்தாள் தயாரிக்க வேண்டும். "இதைப்போன்ற நூல்கள் அண்மையில் எத்தனை பிரதிகள் விற்றன?" என்பது அதில் முக்கியமான கட்டம். இதைப்போன்ற நூலே இதற்கு முன் வந்ததில்லை என்றால் அந்தக் கட்டத்தில் சிறிய எண்தான் விழும். எண் சிறிதானால், எழுத்தாளருக்குப் பதிப்பகம் முன்கூட்டியே தரும் முன்பணம் சிறிது. முன்பணம் சிறிதானால் விளம்பரச் செலவும் சிறிது, ஏனென்றால் போட்ட பணத்தை மீட்கும் பதற்றம் யாருக்கும் இல்லை. விளம்பரம் இல்லாத நூல் சுமாராக விற்கிறது. அடுத்த முறை யாராவது அதே மாதிரி நூலைக் கொண்டுவரும்போது, அந்தச் சுமாரான விற்பனைதான் கட்டத்தில் எழுதப்படுகிறது. இத்தனைக்கும் அந்த அறையில் ஒருவரும் தவறாக ஒரு சொல் பேசியிருக்க மாட்டார்கள்.

இந்தச் சுழலின் விளைவை 2020 ஜூன் மாதத்தில் எல்லோரும் பார்த்தார்கள். எல்.எல். மெக்கின்னி என்ற கறுப்பின எழுத்தாளர் தொடங்கிவைத்த 'பப்ளிஷிங் பெய்ட் மி' என்ற ஹேஷ்டேக்கில் எழுத்தாளர்கள் தங்கள் முன்பணத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து (2016, 2017, 2018) அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது வென்ற தன் முத்தொகுதிக்கு நூல் ஒன்றுக்கு 25,000 டாலர் பெற்றதாகக் கறுப்பின எழுத்தாளர் என்.கே. ஜெமிசின் எழுதினார். அது விருதுகளுக்கு முன் போட்ட ஒப்பந்தம், உண்மைதான். ஆனால் இன்னொரு கறுப்பின நாவலாசிரியர் ஜெஸ்மின் வார்டின் கதையில் அந்தச் சமாதானமும் எடுபடாது. 2011இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்ற பிறகும் ஒரு லட்சம் டாலர் முன்பணத்துக்காக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்றும், கடைசியில் வேறொரு பதிப்பகத்திடம்தான் அது கிடைத்தது என்றும் அவர் சொன்னார். ஜெமிசினின் அதே அறிவியல் புனைவுத் துறையில் 2015இல் வெள்ளையரான ஜான் ஸ்கால்சி 13 நூல்களுக்கு 34 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார். ஸ்கால்சியின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை; 13 நூல்களை எழுதப்படுவதற்கு முன்பே நம்பி வாங்கினார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

25,000 டாலர் கையில் எப்படி வந்து சேருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். முகவருக்கு 15 சதவீதம் போக 21,250. இது பெரும்பாலும் கையெழுத்தின்போது, கைப்பிரதி ஒப்படைக்கும்போது, நூல் வெளிவரும்போது, அதற்கு ஓராண்டு கழித்து என நான்கு தவணையாகப் பிரியும். தவணைக்கு ஏறக்குறைய 5,300 டாலர், அதுவும் இரண்டு மூன்று ஆண்டுகளில், வரிக்கு முன். வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட ஒரு பால்புதுமை இளைஞருக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்க ஒரு குடும்பம் இருக்காது. இந்தத் தவணைகளுக்கு இடையில் அவர் இரண்டாவது நூலை எந்த மேசையில் உட்கார்ந்து எழுதுவார்?

இனி வழிகளுக்கு வருகிறேன்.

பெரிய பதிப்பகத்துக்குள்ளேயே ஒரு தனி முத்திரை, அதாவது தனிப் பெயரில் நூல் வெளியிடும் பிரிவு, தொடங்குவது முதல் வழி. பென்குயின் ரேண்டம் ஹவுஸுக்குள் ராப் பாடகர் ஸ்டோர்ம்சியின் பெயரோடு 2018இல் தொடங்கிய மெர்க்கி புக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விநியோகம், கிடங்கு, வெளிநாட்டு உரிமை விற்பனை எல்லாம் தயாராக இருக்கின்றன. நூல் முதல் நாளே கடையின் முன் மேசைக்குப் போய்விடுகிறது. எழுத்தாளருக்கு இதைவிட வேகமான பாதை கிடையாது. ஆனால் முழுச் சுமையும் ஒன்றிரண்டு ஆட்களின் தோளில் நிற்கிறது. ரேண்டம் ஹவுஸில் பதிப்பாசிரியராக இருந்து கறுப்பின எழுத்தாளர்களைத் தொடர்ந்து கொண்டுவந்த டோனி மாரிசன் 1983இல் விலகியதும், அங்கே கறுப்பினத்தவரின் நூல்கள் சரிந்துவிட்டன. நாற்பது ஆண்டு கழித்தும் பாடம் மாறவில்லை. 2020இல் பாந்தியன் பதிப்பகத்தின் தலைமைக்குக் கொண்டாட்டத்தோடு அழைத்துவரப்பட்ட லிசா லூகாஸ் 2024 மே மாதம் வேலையிழந்தார். ஓர் ஆளை நம்பி வந்த எழுத்தாளர்கள், அந்த ஆள் போன பிறகு யாருடைய மின்னஞ்சலுக்குக் காத்திருப்பது?

ஆட்களின் கணக்கும் மெதுவாகத்தான் நகர்கிறது. லீ அண்ட் லோ பதிப்பகம் அமெரிக்கப் பதிப்புத் துறை ஊழியர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் 2015இல் 79 சதவீதம் பேர் வெள்ளையர், 2019இல் 76. எதிர்பாலீர்ப்பு கொண்டவர்கள் 88இலிருந்து 81 ஆனார்கள். பயிற்சியாளர்களிடையே பன்மை கூடுதலாகத் தெரிகிறது. சம்பளம் குறைந்த படிக்கட்டில்தான் வரவேற்பு அதிகம் என்று இதை நான் வாசிக்கிறேன்.

அந்தந்தச் சமூகத்தாரே நடத்தும் சிறு பதிப்பகம் இரண்டாவது வழி. என் மனம் இயல்பாகச் சாய்வது இந்தப் பக்கம், அதனால் கூடுதல் கண்டிப்போடு பார்க்கிறேன். "பொது வாசகருக்குப் புரியுமா?" என்ற கேள்வி இங்கே எழுவதில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் எழுதித் தள்ள வேண்டியதில்லை. எழுத்தாளரை ஒரு பிரிவின் பிரதிநிதியாகப் பார்க்காமல் ஓர் ஆளாகப் பார்க்கிறார்கள். சாதி எதிர்ப்பு நூல்களுக்கென்றே 2003இல் தொடங்கிய நவயானா போன்ற பதிப்பகங்கள், பெரிய பதிப்பகங்கள் தயங்கிய ஒரு துறைக்கு வாசகர் உண்டு என்று காட்டின. பெரியவர்கள் பிறகு வந்து எழுத்தாளர்களைக் கொத்திக்கொண்டு போவது தனிக் கதை.

கஷ்டம் ஆயுளில் இருக்கிறது. 'திஸ் பிரிட்ஜ் கால்ட் மை பேக்' என்ற பெண்ணியத் தொகுப்பு 1981இல் பெர்செஃபனி என்ற லெஸ்பியன் பதிப்பகத்தில் வந்தது. இரண்டே ஆண்டில் அந்தப் பதிப்பகம் மூடப்பட்டது. பார்பரா ஸ்மித், ஆட்ரி லார்ட் முதலானோர் 1980இல் தொடங்கியிருந்த 'கிச்சன் டேபிள்' பதிப்பகம் நூலை ஏந்திக்கொண்டது. 1992இல் லார்ட் மறைந்தபின் அந்தப் பதிப்பகமும் மங்கிப்போனது. நூல் 2002இல் மூன்றாவது வீட்டுக்கும், 2015இல் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கும் குடிபெயர்ந்தது. வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படும் நூலுக்கே நான்கு வீடுகள் என்றால், மற்ற நூல்களின் கதியை ஊகித்துக்கொள்ளலாம். சிறு பதிப்பகம் தன் பிழையால்தான் சாக வேண்டும் என்பதும் இல்லை. சிறு பதிப்பகங்களின் நூல்களை விநியோகித்து 1969இலிருந்து இயங்கிவந்த ஸ்மால் பிரெஸ் டிஸ்ட்ரிபியூஷன் என்ற அமெரிக்க அமைப்பு 2024 மார்ச்சில் திடுதிப்பென்று மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான பதிப்பகங்களின் புத்தகங்கள் கிடங்கில் சிக்கின, பாக்கித்தொகையும்தான். ஆக, இந்த வழி இரண்டாவது புத்தகத்தை மனதார விரும்புகிறது. அதை அச்சிடும் நாள்வரை உயிரோடு இருக்குமா என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை. நன்கொடையாளர்கள் ஒரு நூலுக்குப் பணம் கொடுப்பதை விட்டு, கிடங்கு வாடகைக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் ஐந்தாண்டுக்குச் சேர்த்துப் பணம் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கிடங்கு வாடகைக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பதால் யாரும் கொடுப்பதில்லை.

சுயபதிப்பில் இரண்டாவது புத்தகத்தை மறுக்க யாருமில்லை. அமேசானின் கிண்டிலில் 2.99 முதல் 9.99 டாலர்வரை விலை வைத்தால் 70 சதவீதம் எழுத்தாளருக்கு; பதிப்பகம் வழியாக வரும் மின்னூலில் பொதுவாக நிகர வரவில் 25 சதவீதம். காதல் கதையும் மிகைபுனைவும் எழுதும் பால்புதுமை எழுத்தாளர்கள் பலர் இங்கே நிம்மதியாகச் சம்பாதிக்கிறார்கள், அவர்களிடம் போய் "அங்கீகாரம்" பற்றி உபதேசிப்பதில் அர்த்தமில்லை. ஆனால் செம்மையாக்கம், மெய்ப்பு, அட்டை எல்லாம் சொந்தப் பணம். பல பெரிய பரிசுகள் சுயபதிப்பு நூல்களைச் சேர்ப்பதே இல்லை. காவலாளி இல்லாத வாசல் என்பதும் முழு உண்மை அல்ல. 2009 ஏப்ரலில் ஒரு வார இறுதியில், பால்புதுமையினர் நூல்கள் உட்பட ஏராளமான நூல்கள் அமேசானின் விற்பனைத் தரவரிசையிலிருந்தும் தேடலிலிருந்தும் மறைந்தன. 57,310 நூல்களைப் பாதித்த பட்டியலிடும் பிழை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. மனிதக் காவலாளியிடமாவது முகத்தைப் பார்த்துச் சண்டை போடலாம்.

விருதுகள், வழிகாட்டித் திட்டங்கள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பால்புதுமையினர் இலக்கியத்துக்கு 1989 முதல் வழங்கப்படும் லாம்ப்டா விருதுகள் பல நூல்களை நூலகங்களுக்குக் கொண்டுசேர்த்திருக்கின்றன. இருந்தாலும் விருது, வெளிவந்த நூலுக்கே கிடைக்கிறது. வழிகாட்டித் திட்டத்தின் முடிவில் ஓர் ஒப்பந்தம் காத்திருக்காவிட்டால், அது நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கான சுற்றுலாதான்.

அடையாளத்தைக் கேட்டுச் சேர்ப்பது எங்கே போய் முடியும் என்பதற்கும் ஓர் அனுபவம் இருக்கிறது. 2015இல் கொரீன் டைவிஸ் உருவாக்கிய 'ஓன் வாய்சஸ்' என்ற குறிச்சொல், தன் சமூகத்தைப் பற்றித் தானே எழுதும் நூல்களை வாசகர் கண்டுபிடிக்க உதவத்தான் வந்தது. விற்பனைத் துறை அதை முத்திரையாக்கியது. பிறகு எழுத்தாளர்களிடம் சான்று கேட்கும் வழக்கமாயிற்று. இளையோர் நாவலாசிரியர் பெக்கி ஆல்பர்டல்லி, பால்புதுமைக் கதைகளை எழுத இவருக்கு உரிமை உண்டா என்ற ஆண்டுக்கணக்கான விசாரணைப் பேச்சால் நெருக்கப்பட்டு, 2020இல் தான் இருபாலீர்ப்பாளர் என்று அறிவிக்க நேர்ந்தது. 'வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்' அமைப்பு 2021இல் அந்தச் சொல்லைக் கைவிட்டது. தன்னை வெளிப்படுத்தினால் ஆபத்து என்ற நிலையில் இருக்கும் எழுத்தாளரை, வெளிப்படுத்தினால்தான் இடம் என்று சொல்லும் ஏற்பாடு எப்படி நியாயமாகும்?

என் தீர்ப்பு இப்படி: முதல் நூலுக்குச் சமூகப் பதிப்பகம், பிழைப்புக்குச் சுயபதிப்பு, பெரிய பதிப்பகங்களுக்கு விதிகள். தனி முத்திரையைவிட நான் விரும்புவது, முதல் நூல்களுக்கான முன்பண வரம்பைப் பகிரங்கமாக அறிவிப்பது. ஒவ்வொரு நூலுக்கும் ஒதுக்கிய விளம்பரத் தொகையை எழுத்தாளருக்கு எழுத்தில் கொடுப்பது. விதிக்கு வேலை போகாது. பெயரை மறைத்துக் கைப்பிரதி படிக்கலாமே என்பார்கள். கணக்குத்தாளின் அந்தக் கட்டம் பெயர் பார்த்து நிரப்பப்படுவதில்லையே.

பெயர் என்றதும் ஒன்று. திருநர் எழுத்தாளர் பெயரை மாற்றிக்கொண்டால் பழைய பெயர் அட்டையிலிருந்து போய்விடும். கடைகளுக்கும் நூலகங்களுக்கும் ஏற்கெனவே அனுப்பிய நூல்விவரத்தில் அது தங்கிவிடும். யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டியலாகத் திருத்த வேண்டும். அந்த ஒருவர் யார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம், காசு பணம் அதிகம் செலவாகாது.

எனக்குத் தெரிந்த ஓர் எழுத்தாளர், தனக்கு ஒப்பந்தம் வந்தபோது அதை என்னிடம் காட்டினார். அடுத்த கைப்பிரதியை முதலில் தங்களுக்கே காட்ட வேண்டும் என்று ஒரு ஷரத்து. கையெழுத்துப் போடப்போனவரை நிறுத்தி, "பார்த்த பிறகு எத்தனை நாளில் பதில் சொல்வார்கள்?" என்று கேட்டேன். இருவரும் பக்கங்களைப் புரட்டினோம். அவர் காட்ட வேண்டிய கெடு இருந்தது. அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கெடு எங்குமே இல்லை. அவர் ஷரத்தின் ஓரத்தில் பென்சிலால் "அறுபது நாள்" என்று எழுதி அனுப்பினார்.