எண்ணெய் விலை ஏறும் சரி, நீங்கள் வாங்குவது எண்ணெய்தானா?

கச்சா எண்ணெயில் கொஞ்சம் பணம் போடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த ஆப் நல்லது என்பதைத்தான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பீப்பாயை வாங்கி யாரும் வீட்டில் அடுக்கப் போவதில்லை, எண்ணெயின் பெயரில் வேறு ஏதோ ஒன்றைத்தான் வாங்குகிறோம். விலை ஏறும் என்ற கணிப்பு பலித்தும் நஷ்டப்படுவது அந்த வேறு ஏதோ ஒன்றால்தான்.

இருப்பதிலேயே சாதுவாகத் தெரிவது எண்ணெய் விலையைப் பின்தொடரும் இடிஎஃப், அதாவது பங்குச் சந்தையில் வாங்கி விற்கக்கூடிய நிதி. பங்கு மாதிரி வாங்கலாம், விற்கலாம். ஆனால் அதற்குள் இருப்பது மாதாமாதம் காலாவதியாகும் ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு தேதியில் எண்ணெயை வாங்க இன்றே விலை பேசும் ஒப்பந்தங்கள். காலாவதியாகும் முன் பழையதை விற்று அடுத்த மாதத்ததை வாங்க வேண்டும், இதைத்தான் ரோல் என்பார்கள். இந்த மாத ஒப்பந்தம் 70 டாலர், அடுத்த மாதத்தது 72 என்று வையுங்கள். 100 பீப்பாய்க்கான ஒப்பந்தத்தை விற்று வரும் 7,000 டாலரில் அடுத்த மாதத்துக்கு 97 பீப்பாய்தான் கிடைக்கும். சந்தை விலை அசையாமல் 70-லேயே நின்றாலும் நம் பணம் தேய்கிறது. அடுத்த மாத விலை கூடுதலாக இருக்கும் இந்த நிலைக்குக் கான்டாங்கோ என்று பெயர்; அடுத்த மாதம் மலிவாக இருந்தால் இதுவே நமக்குச் சாதகமாகவும் திரும்பும். 2020-இல் அமெரிக்கச் சந்தையின் அளவுகோலான டபிள்யூடிஐ ரகக் கச்சா எண்ணெய் ஆண்டு முழுவதுமாகச் சுமார் 20 சதவீதம்தான் இறங்கியது, அதைப் பின்தொடர்வதாகச் சொன்ன யூஎஸ்ஓ இடிஎஃப் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பை இழந்தது. சில வாரங்களுக்கு வைத்திருக்கலாம், வருடக்கணக்கில் போட்டு மறக்கிற பொருள் இல்லை.

நேரடி ஃபியூச்சர்ஸ் என்றால் டபிள்யூடிஐயின் ஒரு ஒப்பந்தம் 1,000 பீப்பாய். விலை ஒரு டாலர் இறங்கினால் 1,000 டாலர் போச்சு. 100 பீப்பாய் கொண்ட மைக்ரோ ஒப்பந்தம் 2021-இல் வந்தது, பழக வேண்டுமென்றால் அதில் பழகலாம். 2020 ஏப்ரல் 20 அன்று மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. கிடங்கில் இடமில்லாததால் எண்ணெயை எடுத்துக்கொள்ளச் சொல்லி கையில் பணமும் கொடுத்த நாள் அது.

அடுத்தது சிஎஃப்டி, எண்ணெயை வாங்காமல் அதன் விலை ஏற்ற இறக்கத்தின் வித்தியாசத்தை மட்டும் தரகரோடு கணக்குத் தீர்க்கும் ஒப்பந்தம். அந்தப் பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம் என்பேன். 10 மடங்கு லிவரேஜில், அதாவது போட்ட பணத்தைப்போல 10 மடங்குக்கு வியாபாரம் செய்யும் வசதியில், 1,000 டாலர் வைத்தால் கையில் 10,000 டாலர் வியாபாரம், விலை 5 சதவீதம் இறங்கினால் பாதிப் பணம் காலி, எண்ணெய்க்கு 5 சதவீதம் ஒரு நாள் வேலை. ஒவ்வொரு இரவுக்கும் தனி வட்டி வேறு. ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு 2018-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, சிஎஃப்டி வைத்திருக்கும் சில்லறை முதலீட்டாளர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் இருப்பதாகச் சொன்னது. அமெரிக்காவில் சில்லறை முதலீட்டாளர்களுக்கு இது அனுமதியே இல்லை.

மிச்சம் இருப்பது எக்ஸான்மொபில், ஷெவ்ரான், ஷெல் போன்ற நிறுவனப் பங்குகள், அல்லது அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் எரிசக்தித் துறை இடிஎஃப். என் ஓட்டு இதற்குத்தான். எண்ணெய் விலையோடு அப்படியே ஓடாது, நிர்வாகம் சொதப்பினால் விலை ஏறும்போதும் பங்கு தூங்கும், 2020-இல் ஷெல் டிவிடெண்டைக்கூட வெட்டியது. ஆனாலும் மாதாமாதம் ரோல் செலவில் தேய்வதில்லை, காத்திருக்கும் நேரத்துக்கு டிவிடெண்டும் வரும்.

இப்போது ஆப். பங்கும் இடிஎஃப்பும் போதுமென்றால் சாதாரணப் பங்குத் தரகர் கணக்கே போதும். 'எண்ணெய்' என்று ஒரு பட்டன் வைத்திருக்கும் ஆப்பில் அது பெரும்பாலும் சிஎஃப்டிதான், விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கமிஷன் இல்லை என்பார்கள், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலான ஸ்ப்ரெடில் எடுத்துவிடுவார்கள். ஆப் நிறுவனத்தின் உரிம எண்ணை அவர்கள் தரும் லிங்க்கில் பார்க்காமல், ஒழுங்குமுறை அமைப்பின் தளத்துக்கு நீங்களே போய்த் தேடுங்கள். அப்புறம் சின்னத் தொகை போட்டு, ஒரு பங்குகூட வாங்காமல் அப்படியே திரும்ப எடுத்துப் பாருங்கள். போனஸைக் காட்டியோ, இன்னும் கொஞ்சம் போட்டால்தான் எடுக்கலாம் என்று சொல்லியோ இழுத்தடித்தால் அந்தக் கணக்கை அன்றைக்கே மூடிவிடலாம்.