வோக்கி டோக்கி புரோகிராம் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் கோயில் தொண்டர்களுக்கென்று யூவீ-5ஆர் வகை வோக்கி டோக்கி 12 எடுக்கப்பட்டது. செட்டுக்கு ஒரு விலை, அலைவரிசைகளைச் செட்டில் பதியும் புரோகிராம் கூலி தனி, கேபிளுக்கும் தனிக் காசு. திருவிழா தொடங்கியதும் சில செட்டுகளில் பேசினால் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. சிலவற்றில் எதுவுமே வரவில்லை. கடையில் கேட்டால், "ரேஞ்ச் காணாது, பெரிய அன்டெனா போடுங்க" என்று அதையும் விற்கப் பார்த்தார்கள். செட்டுகளை கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் விசயம் வெளித்தது. வேறு யாருக்கோ செய்த பழைய ஃபைல்களை எடுத்து, ஒரு செட்டுக்கு ஒன்று இன்னொரு செட்டுக்கு இன்னொன்று என்று ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். காசு திரும்பி வரவில்லை. கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் கோயில், பள்ளிவாசல், அரிசி ஆலை என்று பலரும் இந்தச் செட்டை வாங்குவதால், கடையை விட்டு வெளிக்கிட முதல் என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுகிறோம்.

கொம்பியூட்டரில் புரோகிராம் செய்வதற்கான மென்பொருள் சேர்ப் (CHIRP). இலவசம். "எங்கட சொப்ட்வெயார், வெளியில குடுக்க ஏலாது" என்று கடைக்காரர் சொன்னால் அது கதை. செட்டை நிறுத்திவிட்டு கேபிளைச் செருகுங்கள். இரட்டை முள் பிளக் முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். செட்டின் பிளாஸ்டிக் ஓரம் தட்டி ஒரு மில்லிமீற்றர் வெளியே நின்றாலும் "ரேடியோ பதில் தரவில்லை" என்றுதான் திரையில் வரும். பிறகு செட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, சேர்ப்பில் சரியான கொம் போர்ட்டையும் (கேபிள் செருகிய இணைப்பின் எண்) மொடலையும் தெரிவு செய்து, செட்டிலிருந்து டவுன்லோட் கொடுங்கள். வந்த ஃபைலில் கை வைக்காமல் அப்படியே சேமியுங்கள். பின்னால் எது குழம்பினாலும் திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி. அடுத்தவர் செட்டின் ஃபைலை முழுதாக உங்கள் செட்டுக்கு ஏற்ற வேண்டாம், செட்டை இயக்கும் உள் மென்பொருளான ஃபேர்ம்வெயார் வேறாக இருக்கலாம். உங்கள் செட்டை வாசித்து, அந்த அட்டவணைக்குள் சனல் வரிகளை மட்டும் கொப்பி பண்ணிப் போடுங்கள். ஏற்றும்போது பெட்டரி நிறைய இருக்கட்டும், நடுவில் கேபிளை அசைக்க வேண்டாம்.

இந்த வேலையில் அதிகம் பிழை வருவது டோனில். பேச்சோடு சேர்ந்து போகும், காதுக்குக் கேட்காத ஒலி அது. டோன் மோட் கட்டத்தில் "டோன்" என்று இருந்தால் பேசும்போது மட்டும் டோன் போகும். "டீஎஸ்கியூஎல்" என்றால் பேசும்போதும் போகும், அதே டோன் வந்தால்தான் ஸ்பீக்கரும் திறக்கும். எங்களுக்கு வந்த செட்டுகளில் சிலவற்றில் டீஎஸ்கியூஎல், சிலவற்றில் கட்டம் வெறுமை. வெறுமையானவை எல்லாரையும் கேட்கும், அவை பேசுவதோ மற்றவற்றில் கேட்காது. இதைக் கண்டுபிடிக்க கொம்பியூட்டரும் தேவையில்லை: ஒருவர் பேசும்போது மற்றச் செட்டில் பச்சை லைட் எரிந்து சத்தம் மட்டும் வராவிட்டால் சிக்னல் வந்து சேர்ந்திருக்கிறது, டோன்தான் பொருந்தவில்லை. அந்த இடத்தில் அன்டெனா மாற்றி என்ன பலன்?

இன்னொன்றையும் கண்டோம். மோட் டீஎஸ்கியூஎல், ஆனால் 100.0 என்ற டோன் எண்ணை டோன் கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த மோடில் சேர்ப் அதைப் பார்க்காது. டோன் ஸ்கெல்ச் கட்டத்தில் மாற்றாமல் கிடந்த 88.5ஐத்தான் எடுக்கும். கடையில் இந்த டோனை "பிரைவசி கோட்" என்று சொல்லி விற்கிறார்கள். டோன் போட்டால் நீங்கள் மற்றவரைக் கேட்காமல் இருக்கலாம், உங்களை மற்றவர் கேட்பதை அது தடுக்காது.

டூப்ளெக்ஸ் கட்டத்தையும் பாருங்கள். ரிப்பீற்றர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) இல்லாத பாவனைக்கு அது வெறுமையாக இருக்க வேண்டும். பழைய ஃபைலில் + அல்லது − மிஞ்சியிருந்தால் கேட்பது ஒரு அலைவரிசை, பேசுவது இன்னொன்று. திரையில் எண் தெரியும்படி வைத்து பேசும் பட்டனை அழுத்தினால் எண் மாறும். சனல் பெயர் போட்டு வைத்திருந்தால் மாறுவது தெரியாது.

செட்டிங்ஸ் பக்கத்தில் வொக்ஸ் கட்டாயம் ஓஃப். அது போட்டிருந்தால் பட்டன் அழுத்தாமலே சத்தத்துக்குச் செட் பேசத் தொடங்கும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் திரளும் சனத்துக்குள்ளே, மேளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு தொண்டரின் செட் சனலையே அடைத்துவிடும். அப்படி அடைத்துக்கொண்டு நிற்பது யாருடைய செட் என்று அந்த நெரிசலில் தேடிப் பாருங்கள்! டீடீஆரையும் நிறுத்துங்கள். இரண்டு சனலை மாறிமாறிக் கேட்கும் வசதி அது, ஆனால் அவசரத்தில் பதில் வேறு சனலில் போய்விடும். பிழை என்று கொண்டுபோனால் 40ஆம் மெனுவில் ரீசெட் ஓல் கொடுத்துத் தருவார்கள், அதோடு சனல் எல்லாம் அழிந்துவிடும். பிறகு திரும்பவும் புரோகிராம் கூலி.

கேபிளிலும் ஏமாற்று உண்டு. மலிவுக் கேபிள்களில் புரொலிஃபிக் சிப்பின் போலி இருக்கும். கேபிளைக் கொம்பியூட்டரோடு பேசவைக்கும் மென்பொருளான ட்ரைவர் புதிதாக இருந்தால் அதை ஏற்காது. டிவைஸ் மனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோட் 10 என்றும் வரும். 3.2.0.0 என்ற பழைய ட்ரைவரைப் போட்டால் வேலை செய்யும், விண்டோஸ் அப்டேட் திரும்ப மாற்றினால் மறுபடி அதே கதை. எஃப்டிடிஐ அல்லது சிஎச்340 சிப் உள்ள கேபிளைக் கேட்டு வாங்குங்கள்.

எங்களுக்கு வந்த அட்டவணையில் 156.800 மெகாஹேர்ட்ஸும் இருந்தது. அது கடலில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சனல். கோயில் வீதியில் நின்று அதில் பேசக்கூடாது. வாழைச்சேனை, ஒலுவில் பக்கம் தோணிக்காரர்களுக்கு இதே செட்டை "கடல் செட்" என்று கொடுப்பதாகவும் கேள்வி. இது தண்ணீர் பட்டால் தாங்காது, விழுந்தால் மிதக்காது. கடலுக்கென்று செய்த செட் வேறு.

லைசன்ஸ் பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் தேவல்ல தம்பி, எல்லாரும் பாவிக்கிறாங்கதானே" என்றார் கடைக்காரர். தேவை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி செட் வைத்திருக்கவும் பாவிக்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அலைவரிசையை ஒதுக்குவதும் ஆணைக்குழுதான், கடை இல்லை. மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவரும் செட் வைத்திருப்பவரே. ஆகவே ஒதுக்கிய அலைவரிசைக் கடிதம் கையில் வந்த பிறகு, அதிலுள்ள எண்ணைக் கொடுத்து புரோகிராம் செய்விக்கலாம். பில்லில் மொடலும் ஒவ்வொரு செட்டின் தொடர் இலக்கமும் எழுதுவியுங்கள். ஃபைலை உங்கள் பென் ட்ரைவில் கேளுங்கள், எல்லாச் செட்டையும் போட்டு ஒவ்வொன்றிலும் ஒருமுறை பேசி மற்றவற்றில் கேட்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.