ஓடிபியா, ஆப்பா, பாஸ்கீயா, யுஎஸ்பி சாவியா: ஒரு பனியன் கம்பெனி மெயிலுக்கு எது தோது?

திருப்பூரில் பல சின்ன ஏற்றுமதி ஆபீஸ்களில் பையரோடு (சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியோடு) பேசும் மெயில் ஒன்றுதான், அதைத் திறப்பவர்கள் நான்கைந்து பேர். ஆளுக்கொரு கணக்கு வைப்பதுதான் முறை, நடப்பில் இல்லை. ஆர்டர், இன்வாய்ஸ், பேங்க் விவரம் எல்லாம் அதற்குள் கிடக்கும். எவனோ உள்ளே புகுந்து இன்வாய்ஸில் அக்கவுண்ட் நம்பரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டால், ஒரு கன்டெய்னர் சரக்குக்கான பணம் கண்காணாத இடத்துக்குப் போய்விடும். அந்த மெயிலை எதை வைத்துப் பூட்டுவது என்பதுதான் கேள்வி.

எஸ்எம்எஸ் ஓடிபி முதலாளி போனுக்கு வரும். அவர் அவிநாசி ரோட்டில் வண்டியில் இருப்பார். "ஏனுங்கண்ணா, ஓடிபி வந்துச்சுங்களா?" என்று ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் கூப்பிட, அவர் ஓரங்கட்டி நிறுத்தி ஆறு எண்ணையும் வாசிப்பார். இப்படிச் சொல்லிப் பழகிய வாய், நாளைக்கு வேறொருவன் கேட்டாலும் சொல்லிவிடும். டூப்ளிகேட் சிம் வாங்கி ஓடிபியைப் பிடிக்கும் மோசடி வேறு இருக்கிறது. வெறும் பாஸ்வேர்டுக்கு இது தேவலை, அவ்வளவுதான்.

ஆத்தென்டிகேட்டர் ஆப் இதைவிட ஒரு படி மேல். லாகின் எண்ணைப் போனுக்குள்ளேயே உருவாக்கிக் காட்டும் ஆப் இது. 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும், சிக்னல் வேண்டாம், காசும் இல்லை. முதல் தடவை வரும் கியூஆர் கோடை நாலு பேர் போனிலும் ஸ்கேன் செய்தால் நாலிலும் ஒரே எண் வரும். வசதிதான். ஆனால் வேலையை விட்டுப் போனவர் போனிலும் அந்த எண் வந்துகொண்டே இருக்கும். அவரை மட்டும் நீக்க வழியில்லை. பழையதை அழித்துவிட்டு எல்லோருக்கும் புதிதாகப் போட வேண்டும்.

ஓடிபி, ஆப் இரண்டுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. அசல் போலவே ஒரு போலி லாகின் பக்கம் வந்தால், பாஸ்வேர்டையும் எண்ணையும் நாமே அதில் அடித்துக் கொடுத்துவிடுவோம். அந்தப் பக்கத்தைப் போட்டவன், எண் காலாவதியாகும் முன்பே அசல் தளத்தில் அதைப் போட்டு நுழைந்துவிடுவான்.

யுஎஸ்பி சாவி, அதாவது லாகின் செய்யும்போது செருகும் பென்டிரைவ் மாதிரியான சின்னக் கருவி, இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. பதிவு செய்யும்போதே அந்தத் தளத்துக்கென்று தனி ரகசியம் ஒன்றைத் தனக்குள் உருவாக்கிக்கொள்ளும். அது வெளியே வராது. லாகின் செய்கையில் எந்த முகவரியில் இருக்கிறோம் என்பதை பிரவுசர் சாவிக்குச் சொல்லும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அசல் தளத்துக்கான பதில் கிடைக்காது. நம் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது. 2022 ஜூலையில் கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தில் மூன்று ஊழியர்கள் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டை அடித்துவிட்டார்கள். எல்லோருக்கும் சாவி கட்டாயம் என்பதால் திருடர்களால் உள்ளே வர முடியவில்லை.

பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் கைரேகை அல்லது ஸ்கிரீன் லாக்கால் திறக்கும் பாஸ்கீயும் இதே தொழில்நுட்பம்தான், போனுக்குள் இருக்கும், இலவசம். சொந்தக் கணக்குக்கு அதுவே போதும், சாவிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. கம்பெனி மெயிலுக்கு என்றால் தயக்கம்தான்: பாஸ்கீ பெரும்பாலும் ஊழியரின் சொந்த கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கோடு சேர்ந்து போய்விடும். சாவி என்றால் கம்பெனி பொருள். ஆளுக்கொன்று கொடுத்து, பதிவு செய்யும்போதே பெயர் போட்டு வைக்கலாம். ஒருவர் விலகினால் சாவியை வாங்கிக்கொண்டு, பட்டியலில் அவர் பெயரை எடுத்துவிட்டு, பாஸ்வேர்டை மாற்றினால் சரி. மற்றவர்கள் சாவியைத் தொட வேண்டாம்.

"அதான் ஆடிட்டர் கொடுத்த டோக்கன் இருக்குதே" என்பார்கள். அது டிஜிட்டல் கையெழுத்துக்கானது. ஜிஎஸ்டி, ஐஸ்கேட் (சுங்கத் துறையின் தளம்), டெண்டர் வேலைக்கு ஆகும், மெயிலைத் திறக்க ஆகாது. அதற்கு கம்ப்யூட்டரில் டிரைவர் சாஃப்ட்வேர் போட வேண்டும், காலாவதியும் உண்டு. நம் யுஎஸ்பி சாவிக்கு இரண்டும் இல்லை.

சாவியின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ஒன்று சில ஆயிரம் ரூபாய் ஆகும், குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்றே ஒன்று இருந்து அது தொலைந்தால் நாமே வெளியே நிற்போம். பழைய டெஸ்க்டாப்பில் அகலமான யுஎஸ்பி, போனில் டைப்-சி. செருகாமல் போனில் தொட்டாலே வேலை செய்ய உதவும் என்எஃப்சி வசதி, விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இருக்காது. எதில் செருகப் போகிறோம் என்று பார்த்து வாங்க வேண்டும். கட்டிங், செக்கிங் பக்கம் உள்ள கம்ப்யூட்டரில் யுஎஸ்பி துளைக்குள் பஞ்சு அடைந்திருக்கும். அங்கே சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு மேஜை மேல் வைப்பது நல்லது. சாவிக்கு நாம் வைக்கும் பின் (PIN) எண்ணை எட்டுத் தடவை தப்பாக அடித்தால் சாவி பூட்டிக்கொள்ளும்; ரீசெட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்.

என் ஓட்டு சாவிக்குத்தான், அந்த ஒரு மெயிலுக்கு மட்டும். மற்றவற்றுக்கு ஆப்பே போதும். நெட்பேங்கிங்கில் பெரும்பாலும் சாவிக்கு இடமில்லை என்பதால் அங்கே ஓடிபிதான். சாவி போட்ட பிறகு மெயில் செட்டிங்கில் எஸ்எம்எஸ் வழியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் திருடன் அந்த வழியாகவே வருவான். அப்புறம், பையருடைய மெயிலே களவு போயிருந்தால் நம் சாவியால் ஒன்றும் ஆகாது. பேங்க் விவரம் மாறியதாக எந்தப் பக்கம் மெயில் வந்தாலும், ஏற்கெனவே தெரிந்த நம்பரில் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மெயிலிலேயே கொடுத்திருக்கும் நம்பரில் வேண்டாம்.